அமைச்சர் விளக்கேற்றிய படம்

நெட்டுக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வலை அறுந்தது, துடுப்பு உடைந்தது என்று பஞ்சாயத்துக்கு வருகிறவன், அந்த வலையையோ துடுப்பையோ கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் வைக்க வேண்டும். வெறும் வாய்ப்பேச்சு அங்கே செல்லாது.

ஊர்த் தலைவர் சுப்புராயன் இந்த வழக்கத்திலேயே ஊறிப்போனவர். அதனால்தான், அமைச்சர் ஊர்ப் பக்கம் கூட்டத்துக்கு வரவிருந்த அன்று காலை மனைவி குணசுந்தரி, "எர்ணாவூர் போயி அந்த போட்டோவ ஒரு ஜெராக்ஸ் எட்த்துக்கினு வந்துடுய்யா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அவர் கேட்கவில்லை.

"நகலக் காட்னா மினிஸ்டர் இன்னா மதிப்பாரு? அசலத்தான் குடுக்கணும்."

படத்தில் அதே அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பொன்மழை ஃபைனான்ஸ் திறப்பு விழா. கம்பெனிச் சுவரில் அதைப் பார்த்து நம்பித்தான், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்க்கு ஊர் நிலம் போனதற்கு வந்த பதினோரு லட்சத்தையும் சுப்புராயன் அங்கே போட்டார். இரண்டே வருஷம். ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவிட்டார்கள் பாவிகள். ஏமாந்த ஜனங்கள் மேஜை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுப்புராயன் அந்தக் கையகலப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

ஊர் அவருக்குக் கெடு வைத்திருந்தது. அமைச்சர் வரும் அன்று ஒரு பதிலோடு வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் வீட்டோடு ஊருக்கு உறவில்லை. அவர் படகில் யாரும் ஏற மாட்டார்கள். குணசுந்தரியின் கூடை மீனை யாரும் தொட மாட்டார்கள். ஆவணியில் மகள் வினிதாவின் கல்யாணத்துக்கு ஒரு ஈ காக்கை வராது.

அமைச்சர் மேடையில் வெளுத்து வாங்கினார்.

"வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் நம்மைச் சுரண்டினான்! நம் பொன்னும் பருத்தியும் இந்தக் கடல் வழியாகத்தான் கப்பலேறின. இன்று அவனிடமே போய்க் கடனுக்குக் கை நீட்டுகிறோம். பிறக்கிற ஒவ்வொரு குழந்தையின் தலையிலும் ஆயிரக்கணக்கில் கடன்! அந்தக் கொள்ளையை நான் மறக்க மாட்டேன். ஏழைகளின் பணத்தை விழுங்கிய நிதி நிறுவன முதலைகளையும் விட மாட்டேன்!"

குரல் தழுதழுத்தது. சுப்புராயனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருநூறு வருஷக் கணக்கை இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிற மனுஷருக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கா மறந்துபோகும்? மேடையேறி, ஊர்ப்பணத்தில் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் வாங்கிய பொன்னாடையைப் போர்த்தி, படம் செருகிய மனுவைக் கொடுத்தார்.

அமைச்சர் படத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மனு பின்னால் நின்ற உதவியாளரிடம் போனது. படம் அமைச்சரின் சட்டைப்பைக்குள் போனது. உடனே பொன்னாடையைக் கழற்றிச் சுப்புராயனுக்கே போர்த்தி, "தலைவரே, உங்கள் அன்பு ஒன்றே போதும்" என்று கேமராக்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, அந்தப் படம்..." என்பதற்குள் போலீஸ்காரர் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். புழுதி கிளப்பிக்கொண்டு கார்கள் மணலிப் பக்கம் திரும்பின.

சாயங்காலம் ஊர் கூடியது. பொருளாளர் டில்லிபாபு கேட்டார். "மினிஸ்டர் இன்னா சொன்னாரு மாமு?"

"போட்டோவ பாத்தாரு. பாக்கெட்ல வெச்சிக்கினாரு."

"அத்த வெச்சித்தான நம்ம கேஸே கீது! நகல் கீதா?"

கூட்டத்துக்கு வெளியே நின்ற குணசுந்தரியை நிமிர்ந்து பார்க்கச் சுப்புராயனுக்கு முகம் இல்லை.

"வாயால சொன்னா ஆச்சா? இன்னா கொண்டாந்தியோ அத்த நடுவுல வை" என்றார் டில்லிபாபு.

சுப்புராயன் தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, மடித்து, நடுவில் வைத்தார். டில்லிபாபு குனிந்து அதைப் புரட்டினார். கடைக்காரன் குத்திய விலைச் சீட்டு ஓரத்தில் அப்படியே இருந்தது.

"இது நாம வாங்குனதாச்சே" என்றார்.

கூட்டம் ஒவ்வொருவராக எழுந்தது. போகும்போது ஒருவரும் அவரிடம் "வரேன்" என்று சொல்லிக்கொள்ளவில்லை.