நாற்பத்தோராம் பக்கம்

"அடிச்சு சேவ் பண்ணிட்டேம்மா, இப்பத்தான். காணோம்."

விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்ட அப்பாவின் கணினி முன்னால் உட்கார்ந்து, தகவல் சொல்லவேண்டியவர்களின் பட்டியலை அவன் தேடிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் வந்தது, அவ்வளவுதான். முப்பது பெயரும் போன இடம் தெரியவில்லை.

அறை வாசலில் நின்ற அம்மாவுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அப்பா மாதிரியே பேசாதடா," என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்ற பிறகு, முப்பத்தைந்து வருஷமாகத் தான் ஏறி இறங்கிய கட்டடங்களைப் பற்றி ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். நாற்பத்தோராம் பக்கம்வரை ஜோராகப் போனது. அப்புறம்தான் ஆரம்பித்தது. "நேத்து ரெண்டு பக்கம் அடிச்சேன்டா. இன்னிக்கி காணோம்."

அவன் கணினி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஊரார் மிஷினுக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அப்பாவுக்கு மட்டும் வாயாலேயே வைத்தியம்.

"சேவ் பண்ண மறந்திருப்பீங்கப்பா."

"பண்ணேன்டா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

ஒரு மாதம் இதே தகராறு. பிறகு, தனக்குத்தான் மறதி என்று அப்பாவே நம்பிவிட்டார். ஸ்கூட்டர் சாவியைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மாட்டேன் என்றார்: "எங்கயாவது விட்டுட்டு வந்துடுவேன்." டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று சரியாகப் பதில் சொன்னார். "இன்னிக்கி ஏதோ தெளிவா இருக்காரு டாக்டர்," என்று சொன்னது மகன்தான்.

இப்போது அவன் ஒரே ஒரு வார்த்தை அடித்து சேவ் செய்தான். இருந்தது. அணைத்து மறுபடி போட்டான். இல்லை.

திறந்து பார்க்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் டிஸ்க்கை மாட்டியவனே அவன்தான். ஏதோ ஒரு கடையின் கண்காணிப்பு கேமரா மிஷினிலிருந்து கழற்றியது. நாலு வருஷம் இரவும் பகலும் அழித்து அழித்து எழுதப்பட்டது. இந்த வகை டிஸ்க்கில் சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் உள்ளே கொஞ்சம் தேயும். தேய்ந்து முடிந்ததும் சில டிஸ்க் சத்தமே போடாது. எழுதுவதை வாங்கிக்கொள்வதுபோல் பாவலா காட்டிவிட்டு, அணைத்துப் போட்டால் பழையதையே நீட்டும். இது அவனுக்குத் தெரியாததா? 'அப்பா தட்டுறதுக்கு இது போதும்' என்று மாட்டினான், பாவி. அப்பா சொன்னது அத்தனையும் சரி. மன்னிப்புக் கேட்கக்கூட இனி ஆள் இல்லை.

ஹாலில், அப்பாவின் தலைமாட்டில் நின்று சித்தப்பா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசி ஒரு வருஷமா அண்ணனுக்கு ஞாபகமே இல்லைங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நம்மளையே யாருன்னு கேட்டிருப்பாரு."

அவன் எழுந்து ஹாலுக்கு வந்தான். "இல்ல சித்தப்பா. அப்பாவுக்கு ஒண்ணும் மறக்கல. எழுதினாரு. சேவ் பண்ணாரு. டிஸ்க்தான் தேஞ்சுபோச்சு. நான் போட்ட டிஸ்க்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அம்மாவும்தான்.

"நிஜமாத்தான் சொல்றேன். பண்ணாரு."

"பண்ணாருப்பா, பண்ணாரு. யாரு இல்லேன்னா?" சித்தப்பா அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "பாவம், ராத்திரியெல்லாம் தூங்கல. யாராவது கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

வந்தது. அவன் வாங்கிக் குடித்தான்.