ஓகினோவுக்கு வாசிக்காத ஆட்டங்கள்

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. பெய்ததாகத்தான் நினைவு. முராய் அக்காவின் முடிதிருத்தும் கடை வாசலில் ஈரக் குடைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த காட்சிகூட மனதில் வருகிறது. ஆனால் குபோதா, அந்தத் திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறான். டாக்ஸி ஓட்டுகிறவன், மழை நாட்களை மறக்கமாட்டான். அந்தப் பேச்சை முதலில் எடுத்தது அக்கா என்றும் சொல்கிறான். அது என் மேல் இருக்கும் பிரியத்தில் சொல்வது. மழை விஷயத்தில் நான் தவறாக இருக்கலாம். பேச்சை எடுத்தது நான்தான்.

திங்கட்கிழமைகளில் பேஸ்பால் ஆட்டம் கிடையாது. எங்கள் துறைமுக ஊரில் முடிதிருத்தும் கடைகளுக்கும் அன்றுதான் விடுமுறை. அதனால் ஹெரன்ஸ் அணியின் ஆதரவுக் குழு, மைதானத்தின் வலப்பக்கப் படிகளில் நின்று ட்ரம்பெட் ஊதி முரசு அடிக்கிற நாங்கள் எட்டுப் பேர், மூடிய கடைக்குள் கூடுவோம். அக்காதான் தலைவி. அறுபது வயதில் அவளுக்கு இருந்த குரல் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. நாற்காலிகள் போதாது. இரண்டு பேர் தலை கழுவும் தொட்டியின் விளிம்பில் உட்காருவார்கள். நான் எப்போதும் ஜன்னலோரச் சுழல் நாற்காலியில், கண்ணாடியைப் பார்த்தபடி உட்காருவேன்.

ஊரில் ஹெரன்ஸை யாரும் அந்த ஆங்கிலப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கொக்கு என்றுதான் சொல்வோம். ஆறு அணிகள் ஆடுகிற லீகில் ஏழு வருடமாக ஆறாவது இடம். ஏப்ரலில் மூன்று ஆட்டம் சேர்ந்தாற்போல் ஜெயித்துவிட்டால் போதும், அக்கா கத்தரியை ஆட்டிக்கொண்டு, முடிவெட்ட வந்தவர்களிடமெல்லாம் "இந்த வருஷம் பாருங்க" என்பாள். மே கடைசியில் பேஸ்பால் செய்தி வருகிற தாளை மடித்து, உதிர்ந்த முடியை அள்ளிக் கொண்டிருப்பாள். "கொக்கு ஒத்தக்கால்ல அழகா நிக்குதுக்கா, மீனுதான் வர மாட்டேங்குது" என்று சவரத்துக்கு வருகிற மீன்சந்தைக்காரர்கள் சீண்டுவார்கள். "பேசாம இருங்க, கத்தி என் கையில இருக்கு" என்பாள் அக்கா.

ஏன் விடாமல் போகிறீர்கள் என்று என் மனைவி ஒரே ஒருமுறை கேட்டாள். ஜெயிக்கிற டீமுக்கு நான் எதுக்கு என்று சொன்னேன். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் அது உண்மையில்லை. பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் கூடத்தில் எனக்கு வேலை. துடுப்பு மாதிரியான கரண்டியால் நான் கிளறுகிற சூப்பை தினமும் நாலாயிரம் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. பாத்திரங்கள் காலியாகத் திரும்பி வரும், அவ்வளவுதான். மாலையில் வலப்பக்கப் படிகளில் நின்று ட்ரம்பெட்டை உதட்டில் வைக்கும்போது மட்டும், நான் செய்கிற ஒன்று தூரத்தில் இருக்கும் இன்னொரு மனிதனிடம் போய்ச் சேர்வதாக நம்பினேன்.

அந்த மனிதன் ஓகினோ. எங்கள் ஊர்க்காரர், மூன்றாம் பேஸைக் காத்து ஆடியவர். மட்டை பிடிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு உண்டு. ஓகினோவின் பாட்டுக்கு மெட்டுப் போட்டது நான். எட்டு அடி, இரண்டு முறை வாசிக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் வாசித்தேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. மட்டை பிடிப்பவர் நிற்கிற கட்டத்தின் கோட்டுக்கு வெளியே நின்று ஓகினோ கையுறையைச் சரிசெய்வார், இடது குதிகாலை மெல்லத் தட்டுவார். இரண்டாம் முறை வாசிக்கையில் நாலாவது அடி முடிகிற இடத்தில் அவருடைய இடது கால் கோட்டுக்குள் போகும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஒருமுறை ட்ரம்பெட்டின் விசை சிக்கிக்கொண்டு நான் தாமதமாக ஆரம்பித்தேன். அவர் வெளியிலேயே நின்று கையுறையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். இதை நான் குபோதாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துவிடும் என்று தோன்றியது.

அந்த வருடத் தொடக்கத்தில் ஓகினோவுக்கு முப்பத்துநாலு வயது. பந்து பிடிபடாமல் அடித்து பேஸை எட்டினால் அது ஒரு ஹிட், ஆயிரம் ஹிட்டைத் தொட அவருக்கு முப்பது பாக்கி. தொலைக்காட்சியில் அவரைப் பேட்டி எடுத்தார்கள். ரசிகர்கள் வாசிக்கிற பாட்டு உங்களுக்குப் பலமாக இருக்கிறதா என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். ஓகினோ சிரித்தார். "உண்மையச் சொல்லணும்னா, கோட்டுக்குள்ள நின்னுட்டா எனக்கு ஒண்ணுமே காதுல விழாதுங்க. பந்து மட்டும்தான்."

அக்கா கடையில் எல்லோரும் சேர்ந்துதான் அதைப் பார்த்தோம். "எவ்வளவு கவனம் பாருடா" என்று குபோதா என் முதுகில் தட்டினான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்டில் அவர் ஆட்டம் விழுந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் நின்றுவிட்டார். இருபத்தாறு முறை தொடர்ந்து மட்டை பிடித்தும் ஒரு ஹிட்கூட இல்லை. மாதக் கடைசிவரை பார்ப்போம் என்று அணியின் மேலாளர் சொன்னதாகச் செய்தித்தாளில் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் திங்கட்கிழமைதான் நான் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னேன்.

"ஓகினோவுக்கு வாசிக்கிறத நிறுத்திப் பாக்கலாமா?"

"என்னடா சொல்ற?" என்றான் குபோதா. "ஆயிரத்துக்கு நாலுதான் பாக்கி. அக்கா பேனரே தைச்சு வச்சாச்சு."

"பேனர்ல மூணு சைபர் தைச்சிருக்கேன்" என்றாள் அக்கா. "அவன் இப்ப தினமும் அடிக்கிறதும் சைபர்தான். முன்னால இருக்கிற ஒண்ணை மட்டும் வெட்டிட்டா பொருத்தமா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். "ஒரே ஒரு ஹிட் அடிக்கிற வரைக்கும்தான். அடிச்ச உடனே மறுபடி வாசிப்போம். அவருக்குக் கோவம் வரணும். கோவம் வந்தா அடிப்பாரு, ஸ்கூல் நாள்லேர்ந்தே அப்படித்தான்."

ஓகினோவைப் பள்ளி நாளில் எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "தோகு, அது நீ போட்ட பாட்டு. நீயே நிறுத்தச் சொல்ற. யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான்கா."

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கண்ணாடியிலும் உயர்ந்தது. குபோதா கடைசியாகத் தூக்கினான். அந்த மனிதனின் கால் எதை நம்பி உள்ளே போகிறது என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கியிருந்தான்.

மறுநாள் ஆட்டத்தில் ஓகினோ வந்தபோது முரசு நின்றது. கூட்டம் பழக்கத்தில் கொஞ்ச நேரம் கைதட்டியது. பிறகு தாளம் இல்லாமல் அதுவும் சிதறிப்போனது. மைதானத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. மேல்படியில் பீர் விற்கிற பெண் மீதி எண்ணிக் கொடுக்கும் குரல் கேட்டது. "ஓகினோ! உனக்கு மட்டும் கரண்ட் போயிடுச்சாடா?" என்று யாரோ கத்த, இடப்பக்கத்து எதிரணி ரசிகர்கள் சிரித்தார்கள். ஓகினோ கோட்டுக்கு வெளியே நின்றார். இடது குதிகால் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. நடுவர் ஏதோ சொன்ன பிறகுதான் அவர் உள்ளே போனார். வலது காலை முதலில் வைத்துப் போனார்.

அப்படியானால் கேட்டிருக்கிறது. பன்னிரண்டு வருடமும் கேட்டிருக்கிறது.

அந்த நிமிடம் எனக்குள் வந்தது சந்தோஷம். அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்தச் சந்தோஷம் அவர் மூன்றாவது பந்தில் அவுட்டாகித் திரும்பி நடக்கிற வரைக்கும்தான் இருந்தது. வீட்டுக்குப் போகிற ரயிலில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அக்கா என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்திலேயே வாசிக்கச் சொல்லியிருப்பாள். ஆனால், இத்தனை வருடம் தெரிந்துமா கை தூக்கினாய் என்று யாராவது கேட்பார்கள். நாளைக்கு ஒரு ஹிட் அடித்துவிடுவார், அடித்ததும் முன்னைவிடச் சத்தமாக வாசிப்பேன், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். தோற்கிற அணியின் ரசிகனுக்கு நாளை என்பதை நம்புவது பெரிய காரியமில்லை, அது எங்களுக்குப் பழகிப்போன வேலை. அப்படியே அடுத்த ஆட்டமும் போனது, அதற்கடுத்ததும் போனது. இடையில் அவரை முதல் ஒன்பது பேரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆட்டத்தின் கடைசியில் யாருக்காவது பதிலாக ஒருமுறை மட்டும் மட்டை பிடிக்க அனுப்பினார்கள். நாங்கள் அந்த ஒருமுறையும் வாசிக்கவில்லை.

மாதத்தின் கடைசி ஆட்டத்தில் எட்டாவது சுற்று, இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் நம் ஆட்கள். ஒரு ஹிட் அடித்தால் முந்திவிடலாம். ஒலிபெருக்கி ஓகினோவின் பெயரைச் சொன்னது. பெஞ்சிலிருந்து வெளியே வந்தவர் இரண்டு முறை மட்டையைச் சுழற்றிவிட்டு, எங்கள் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு முகத்தில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. பார்த்தார், அது நிச்சயம்.

குபோதா முரசுக் கோலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அக்கா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்.

"தோகு, உதடு ஈரமா இருக்கா?"

வாசிடா என்று சொல்வதற்கு அவளுடைய வழி அது. என்னிடம் விட்டுவிட்டாள். நான் ட்ரம்பெட்டை உதடுவரை தூக்கினேன். உதடு ஈரமாகத்தான் இருந்தது. இப்போது வாசித்து அவர் அடித்துவிட்டால், இத்தனை நாளும் அடிக்க விடாமல் செய்தது நான் என்று ஆகிவிடும். அந்தக் கணக்கு என் தலைக்குள் அவ்வளவு தெளிவாக ஓடியது.

"எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினதுதானேக்கா" என்று சொல்லிவிட்டு ட்ரம்பெட்டை இறக்கினேன்.

ஓகினோ இரண்டாவது பந்தை அடித்தார். நல்ல அடி. பந்து இடப்பக்க வேலிவரை போனது, வேலிக்கு முதுகைக் கொடுத்து நின்ற எதிரணிக்காரன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல வீரர்கள் வரிசையாக வந்து எங்கள் படிகளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்கள். மற்றவர்கள் நிமிர்ந்து திரும்பிய பிறகும் ஓகினோ குனிந்தே இருந்தார். உச்சியில் முடி மெலிந்திருந்தது தெரிந்தது. மறுநாள் காலை அவரை இரண்டாம் நிலை அணிக்கு இறக்கிவிட்டார்கள். அக்டோபரில் விலகுகிறார் என்று நாலு வரிச் செய்தி வந்தது.

மூன்று வருடம் கழித்து அவரை மறுபடி பார்த்தேன். உறைந்த காய்கறி விற்கிற கம்பெனி ஒன்றின் ஆளாக, மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் சமையல் கூடத்துக்கே வந்துவிட்டார். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளை அங்கி, தலையுறை, முகக்கவசம் போட வேண்டும். கண் மட்டும்தான் தெரியும். பெயர் அட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. பூசணித் துண்டுகளை நீராவியில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கொப்பரைக்கு முன்னால் நின்றோம். பதினைந்து நிமிடம் ஆகும். நேரம் முடியப்போகிற சமயத்தில் நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நான் வலப்பக்கத்துல ட்ரம்பெட் வாசிச்சவன்" என்றேன்.

"அப்படிங்களா? ரொம்ப நன்றிங்க. அந்த நாள்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க" என்று குனிந்தார்.

"கடைசியில ஒன்பது ஆட்டம் உங்களுக்கு வாசிக்கல. நான் சொல்லித்தான் நிறுத்தினாங்க. உங்க காலு எப்ப உள்ள போகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நிறுத்தினேன்."

கொப்பரை மூடி நடுங்கியது. அவர் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிக்கலையா?" என்றார் பிறகு. "எனக்கு அது தெரியாதுங்க. கோட்டுக்குள்ள நின்னுட்டா எனக்கு ஒண்ணும் காதுல விழாது. முழங்கால்தான் போயிடுச்சு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க." உடனே கொப்பரையைத் திறந்து ஒரு துண்டை எனக்கு எடுத்துக் கொடுத்தார். "பாருங்க, ஓரம் உடையவே இல்ல. பிள்ளைங்களுக்குத் தோல் இருக்கிறதே தெரியாது."

நான் முகக்கவசத்தை இறக்கித் தின்றேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

வாசல்வரை கூடப் போனேன். அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து காலணி போட்டுக்கொண்டார். இடது முழங்கால் மடங்கச் சிரமப்பட்டது. நாடாவை இழுத்துக் கட்டியபடியே, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பதினொண்ணு."

"என்னங்க?"

"ஒன்பதுன்னு சொன்னீங்க. பதினொரு ஆட்டம்."

எழுந்து குனிந்தார். நானும் குனிந்தேன். நான் நிமிர்ந்தபோது அவர் வண்டி தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. வீட்டில் பழைய செய்தித்தாள்களை நான் எடுத்துப் பார்க்கவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்தப் பூசணியை எங்கள் கூடம் இன்னும் வாங்குகிறது. ஓகினோ வேறு மாவட்டத்தில் கிளை மேலாளராக இருக்கிறார். பழைய வீரர்களைக் கூப்பிடுகிற நாட்களில் அவர் மைதானத்துக்கு வருவதில்லை. அணியின் பழைய மேலாளரை, ஓகினோ விலகிய அந்த இலையுதிர் காலத்திலேயே மாற்றினார்கள். முராய் அக்கா ஆறு வருடம் முன்பு இறந்துபோனாள். கடை இருந்த இடத்தில் இப்போது மூன்று கார் நிறுத்தலாம். குபோதா உட்கார்ந்தபடி முரசு அடிக்கிறான். கொக்கு ஒரு வருடம் மூன்றாவதாக வந்தது, போன வருடம் ஐந்தாவது. இந்த ஏப்ரலில் முதல் வாரம் மூன்று ஆட்டம் ஜெயித்திருக்கிறோம். ட்ரம்பெட்டை ஒரு மருத்துவமனைச் செவிலியிடம் கொடுத்துவிட்டேன், அவள் என்னைவிட நன்றாக வாசிக்கிறாள். நான் கொடி பிடிக்கிறேன். மாலையில் கடலிலிருந்து காற்று திரும்பும்போது கம்பு வளையும், அப்போது அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.