கட்டுரைக்கு ஏற்ற முகம்

என் மனைவி வாய்-குவானுக்குக் கோபம் வந்தால் 'கறுத்த வாய், கறுத்த மூஞ்சி' என்பார்கள் எங்கள் தெருவில். அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் அது பேச்சு. தாளில் எழுதினால் டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஹாங்காங்கில் பிள்ளைகள் பேசுவது ஒன்று, எழுதுவது வேறொன்று. கட்டுரையில் அம்மாவுக்குக் கோபம் வராது. அதற்குப் பதில் வில்லோ மரத்து இலை போன்ற புருவங்கள் நிமிர்ந்து நிற்கும். அம்மா சிரிக்கவும் மாட்டாள். அதற்குப் பதில் முகமெங்கும் வசந்தக் காற்று வீசும். இப்படி ஒரு முகத்தை எங்கள் ஷாம் ஷூய் போ வட்டாரத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

என் மகள் சிங்-யூ இவற்றையெல்லாம் டியூஷனில் உருப்போட்டாள். பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் அவளுக்கு எப்படியாவது இடம் வாங்கிவிட வேண்டுமென்று வாய்-குவான் ஒற்றைக்காலில் நின்றாள்.

நேர்முகத் தேர்வுக்கு மூவரும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் முதலில் என்னிடம்தான் என்ன வேலை என்று கேட்டார். 'உணவுத் துறை' என்று சொல்லும்படி வாய்-குவான் பஸ்ஸில் வழிநெடுகப் பாடம் நடத்தியிருந்தாள். எனக்கு வாயில் வந்தது வேறு.

"கடையில சுட்ட வாத்து வெட்டிக் குடுக்கறேங்க."

பக்கத்தில் சூடு தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு.

தலைமையாசிரியர் கெட்டிக்காரர். சிங்-யூவிடம், எழுதி வைத்ததை ஒப்பிக்க வேண்டாம், இப்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல் என்றார்.

அவள் அம்மாவை நன்றாகப் பார்த்தாள். இருட்டிக் கிடந்த அந்த முகத்துக்கான சொல் அவளுக்குத் தொட்டில் பருவம் முதலே தெரியும். இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த ஒரு பதிலில்தான் இருந்தது.

"அம்மா முகமெங்கும் வசந்தக் காற்று வீசுகிறது, சார்."

"நெஜமாவாம்மா?"

"நெஜத்தச் சொன்னா மார்க் போயிடும், சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போச்சு, இடம் போச்சு என்று எழுந்திருக்கப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் பேனாவை மூடினார்.

"இந்தப் பொண்ணு நம்ம ஸ்கூல்ல நல்லா வருவா."

வாய்-குவான் வாயெல்லாம் பல்லாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிங்-யூவும் அவர்களைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.