இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே

1.

இந்தக் கதை என் கற்பனை இல்லை; அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பொறுக்கியது. அக்காவின் கணவர் ஒரு ராக் இசைக்குழுவின் டிரம்மர். ஒரு காலத்தில் அவர்களுக்குக் கூட்டம் அலைமோதும். பல வருடம் கழித்து இப்போது மறுபடி ஆல்பம் போடுகிறார்கள். அட்டையில் பழைய பெயர்தான். ஆனால் ஆரம்பித்த ஐந்து பேரில் மாமா மட்டும்தான் மிச்சம். பாடகர் மாமாவின் தம்பி, போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இடத்தில் அவர் மகள் பாடுகிறாள். மற்றவர்கள் புது ஆட்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை கொட்டிய அந்த மாலையில், ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு தானாக…"

(அடித்துவிட்டேன். பேய்க்கதை என்றால் மழையும் கதவும் இலவச இணைப்பு. இங்கே கதவு ஒழுங்காகத்தான் மூடியிருந்தது.)

2.

மாமாவின் தம்பிக்குத் திக்குவாய். பாடும்போது திக்காது, பேசும்போது 'மூ' என்ற எழுத்து படுத்தியெடுக்கும். பாட்டைத் தொடங்க எண்ண வேண்டியவரோ அவர்தான். "ஒண்ணு, ரெண்டு" என்பார், ஒரு மூச்சு விடுவார், "நாலு" என்பார். குழுவே அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் பழகியிருந்தது.

இப்போது மகளும் அப்பா மாதிரியே எண்ணுகிறாள்; புதுக் கிட்டார்காரர்தான் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு அசடு வழிகிறார். (அவளுக்குத் திக்காது. இதை எழுதும்போதுதான் உறைத்தது.)

முதல் பாட்டைப் போட்டுக் கேட்டபோது அந்த இடைவெளியில் ஒரு மூச்சு இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த பாட்டில் "ம்…" என்று கேட்டது. மைக்கை மாற்றினார்கள். அதற்கடுத்ததில், "மூ… மூ…"

"வெட்டிடலாமா சார்?" என்றார் ஒலிப்பதிவாளர். முகம் வெளுத்திருந்தது.

"வேணாம். அது அப்பா குரல், பெரியப்பா," என்றாள் மகள்.

"தெரியும்மா. அதான் பயமா இருக்கு," என்றார் மாமா.

4.

(எண் தவறவில்லை. அந்தப் பகுதி இன்னும் வரவில்லை.)

மாமாவுக்குப் பேயிடம் பயமில்லை, தன் வாயிடம்தான். சின்ன வயதில் தம்பி திக்கும்போதெல்லாம் இவர் பொறுக்காமல், "மூணுங்கிறான்!" என்று போட்டு உடைப்பாராம். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் தம்பி, "நீயே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு தம்பி அந்த எண்ணைச் சொல்லவே இல்லை.

நாளை கடைசிப் பாட்டு.

"அவன் இழுத்துக்கிட்டே இருப்பான் மச்சான். என் நாக்கு சும்மா இருக்குமா? நான் முந்திக்கிட்டா, அவன் இந்தத் தடவையும் சொல்லாமலே போயிடுவான்."

சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தம்பி கணீரென்று சொல்லிவிடுகிறார், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். சினிமா. இன்னொன்றில் மாமா பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்து…

(வேண்டாம். அக்கா என்னோடு பேச மாட்டாள்.)

ஆகவே உங்களிடம் விடுகிறேன். மகள் மைக் முன்னால் நிற்கிறாள். மாமா குச்சிகளைத் தூக்கிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஒண்ணு. ரெண்டு."

மூ… மூ…

தயவுசெய்து நீங்களும் முந்திக்கொள்ளாதீர்கள்.

சொல்லிவிட்டீர்களா? மனதுக்குள் கேட்டது உங்கள் குரல்தானா?