யோகன்னா கேட்ட இரண்டு வரி

ஒரு பெண் அமெரிக்காவில் வாழ்ந்து தீர்த்த முப்பது வருடத்துக்குப் பாலாம்பிகை சொல்ல நினைத்த விலை எண்பது யூரோ. அறுபதுக்கு விடலாம். ஐம்பதுக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் முழுதாகத் திருப்பிவிடக் கூடாது.

டோர்ட்மண்டின் சனிக்கிழமைச் சந்தையில் பதினாறு வருடமாகப் பழைய சாமான் கடை போடுகிறவள் அவள். ஆள் செத்துப்போன வீடுகளை ஒழித்துக் கொடுப்பதுதான் தொழில். வாரிசுகள் நகையையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சாவியை நீட்டுவார்கள், மிச்சமெல்லாம் அவளுக்கு. போன வாரம் ஒழித்த வீட்டு அலமாரியில், நாடாவால் கட்டிய இந்தக் கடிதக் கட்டு கிடைத்தது. இன்றைய ஜெர்மன்காரருக்கே பிடிபடாத பழைய கையெழுத்து. விற்கிறவளுக்கும் வாங்குகிறவனுக்கும் வாசிக்கத் தெரியாத பொருளுக்கு என்ன விலையும் சொல்லலாம் என்பது அவள் கண்ட அனுபவம்.

அன்று வந்தவளுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. ஹரிப்ரியா, சேலத்துக்காரி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில், கப்பலேறி நாடு விட்டுப் போன ஜெர்மானியரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நின்ற இடத்திலேயே ஒரு கடிதத்தைப் பிரித்து, விலை கேட்க மறந்து, அதற்குள் இறங்கிவிட்டாள். வாங்க வந்தவள் செய்யவே கூடாத காரியம். பாலாம்பிகை எண்பதை மனதுக்குள் நூறாக்கினாள்.

“பிள்ளை, இதிலை நிண்டு முழுக்க வாசிச்சிட்டுப் போனா நான் என்னத்தை விக்கிறது?”

“சாரி ஆன்ட்டி. இது அமெரிக்கால, நெப்ராஸ்கால இருந்து வந்தது. யோகன்னான்னு ஒரு பொண்ணு, ஊர்ல இருந்த அக்கா மார்த்தாவுக்கு எழுதியிருக்கா. ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தஞ்சு.”

“அப்ப விலை கூடும். என்ன எழுதியிருக்கிறா, சொல்லு.”

ஹரிப்ரியா தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். மரமே இல்லாத நிலம். புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய வீடு. வெளியே ஒரு நாள் மழை பெய்தால் உள்ளே மூன்று நாள் பெய்யும். விறகில்லை; காட்டெருமைச் சாணம் பொறுக்கி வந்துதான் அடுப்பு. அந்த அடுப்பில் சுட்ட ரொட்டியை உன் மேசையில் வைத்தால் உன் வீட்டு நாய்கூட எழுந்து போய்விடும், மார்த்தா.

“வறட்டி!” என்று பாலாம்பிகை சிரித்தாள். “ஜெர்மன்காரியும் வறட்டியிலைதான் சமைச்சிருக்கிறா. எண்பத்தாறிலை, நான் இஞ்சை வந்த புதிசிலை, என்ரை கறி மணக்குதெண்டு மேல்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிட்டவ.”

அடுத்த பக்கத்தில் ஹரிப்ரியாவின் குரல் தாழ்ந்தது. வெட்டுக்கிளி வந்து கோதுமையைத் தின்றது. பிறகு காய்ச்சல் வந்தது. யோகன்னா எழுதியிருந்தாள்:

‘என் பிள்ளைகள் வில்ஹெல்மும் சின்ன மரியும் ஒரே வாரத்தில் போனார்கள். சிலுவை செய்யவும் இங்கே மரமில்லை. பாதிரியார் அறுபது மைலுக்கு அப்பால். இந்த நிலத்தை விட்டுவிட்டு இன்னும் மேற்கே போகிறோம். போன மறுமாதமே குழிகளைப் புல் மூடிவிடும். மார்த்தா, அம்மாவின் ஜெபப் புத்தகத்தில் நம் வீட்டுப் பெயர்களை எழுதும் பக்கம் இருக்கிறதே, அதில் இவர்கள் இரண்டு பேரையும் எழுதிவிடு. இரண்டு வரி போதும். அங்கேயாவது இருக்கட்டும்.’

பாலாம்பிகை சில்லறைப் பெட்டியை மூடினாள். “மார்த்தா எழுதினவவோ?”

“தெரியலையே ஆன்ட்டி. மார்த்தா போட்ட பதிலெல்லாம் அமெரிக்கால எங்கயோ போயிருக்கும். அந்தப் புத்தகம் கிடைச்சாத்தான் தெரியும்.”

பாலாம்பிகை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். புத்தகம் இருந்தது. அதே அலமாரி, அதே தட்டு. பித்தளைக் கொக்கி வைத்த, செங்கல் கனத்தில் ஒன்று. பழைய ஜெபப் புத்தகத்தை இந்த ஊரில் சும்மா கொடுத்தாலும் தூக்க ஆளில்லை. அதனால் காலையில் பித்தளையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, புத்தகத்தைச் சந்தைக் கோடியிலிருந்த காகிதத் தொட்டியில் போட்டுவிட்டாள். ஒரு மணிக்கு லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். மணி பன்னிரண்டே முக்கால்.

பதினாறு வருடத்தில் முதல் தடவையாகக் கடையைப் பார்க்க ஆளில்லாமல் விட்டுவிட்டு நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமானது. பின்னால் ஹரிப்ரியா ஓடினாள்.

தொட்டி நெஞ்சளவு உயரம். பாலாம்பிகை விளிம்பில் வயிற்றை வைத்துத் தலைகீழாகக் கவிழ்ந்தாள். அறுபத்திரண்டு வயதுக் கால்கள் இரண்டும் அந்தரத்தில்.

“ஆன்ட்டி, விழுந்துடுவீங்க!”

“கதைக்காதை, காலைப் பிடி!”

பழப்பெட்டி அட்டைகளுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் அடியிலிருந்து புத்தகம் வந்தது. மூலையில் யாரோ தின்ற நூடுல்ஸின் சாஸ். குளிர்ச்சட்டைக் கை நுனியால் துடைத்தாள்.

பெயர்ப் பக்கம் முன்னட்டையை ஒட்டி இருந்தது. ஹரிப்ரியா வரிவரியாக விரல் வைத்து வாசித்தாள். மார்த்தாவின் ஏழு பிள்ளைகள், தேதியோடு. இறந்துபோன இரண்டுக்குச் சிலுவைக் குறி. அதற்குக் கீழே: ‘என் தங்கை யோகன்னா, 1871இல் அமெரிக்கா போனாள்.’ அப்புறம் வெறும் தாள், மூன்று விரல் அகலத்துக்கு.

“எழுதல,” என்றாள் ஹரிப்ரியா. “மறந்துட்டா போல.”

“இடம் விட்டவ மறக்கேல்லை. எழுதினா, செத்தது உண்மையாப் போயிடுமெண்டு பயந்திருப்பா.” பாலாம்பிகை புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினாள். “நீ எழுது.”

“நானா? ஒரிஜினல் டாக்குமெண்ட் ஆன்ட்டி! இதுல கை வைக்கிறது எங்க ஃபீல்டுல பெரிய பாவம்.”

“அஞ்சு நிமிசத்துக்கு முன்னம் இது குப்பை. என்ரை குப்பை. எழுது.”

ஹரிப்ரியா பையிலிருந்து பேனாவை எடுத்து, திரும்பப் போட்டாள். பிறகு பென்சில் எடுத்து, அந்தப் பழைய எழுத்திலேயே வில்ஹெல்ம் என்றும் மரி என்றும் எழுதி, பக்கத்தில் இன்றைய தேதியையும் தன் பெயரையும் போட்டாள். அதற்குள் லாரி வந்து தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டது.

பாலாம்பிகை பக்கத்தை மூடவிடவில்லை.

“எண்பத்தேழிலை இஞ்சை எனக்கும் ஒரு பிள்ளை போனது. பெடியன். பத்தொன்பது நாள். எங்கடை ஆக்கள் முப்பத்தொண்டாம் நாளிலைதான் பெயர் வைக்கிறவை. ஆஸ்பத்திரியிலை பெயர் கேட்டவை. பொறுங்கோ, இன்னும் நாளிருக்கெண்டு சொன்னன். குழியிலை நட்ட பலகையிலை தகப்பன்ரை பெயர் மட்டும்தான். பிறகு தவணை முடிஞ்சுதெண்டு குழியையும் எடுத்திட்டினம். இஞ்சை மண்ணும் வாடகைதானே.”

ஹரிப்ரியா பென்சிலை மறுபடி தாளில் வைத்தாள். “நீங்க மனசுல வச்சிருந்த பேரைச் சொல்லுங்க ஆன்ட்டி. எழுதிடறேன்.”

“மனசிலையும் வைக்கேல்லைப் பிள்ளை. முன்கூட்டி நினைச்சா கண்பட்டிடும், நாவூறு எண்டு என்ரை மனுசன் சொன்னவர்.”

பென்சில் தாளில் அப்படியே நின்றது. எழுத வேண்டியவை மூன்று. எழுதியவை இரண்டு. பாக்கி ஒன்று.