யாருடைய வாயு

விண்வெளியில் ஒருவருக்கு வாயு பிரிந்தால் அது சீக்கிரத்தில் எங்கும் போகாது. பூமியில் சூடான காற்று மேலே எழுகிறது, குளிர்ந்தது கீழே இறங்குகிறது, அந்தக் கலக்கத்தில் எல்லாம் கலைந்துபோகிறது. எடையில்லாத இடத்தில் மேலும் கிடையாது, கீழும் கிடையாது. விசிறி தள்ளிவிடும்வரை அது உரியவரைச் சுற்றியே நிற்கும். ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை.

அதனால் நல்ல வடிகட்டி வேண்டும். கோர்படியில் ரயில்வே காலனிக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய நிறுவனம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஷீலா அங்கே வேதியியலாளர். சிலிண்டரில் வாங்கிய வாயுவை வைத்துச் சோதித்தாயிற்று. இனி மனித வாயு தேவை என்று மேலிடம் சொன்னது. லாரி அளவு இரும்புப் பெட்டிக்குள் இரண்டு பேர் மூன்று நாள் அடைந்துகிடக்க வேண்டும். பக்கத்துக் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த ஷீலா ஒத்துக்கொண்டாள். கூடப் போக முன்வந்தவர் ஸ்ரீவத்சன், சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத மென்பொருள்காரர். வெளியே, வாயுவை அளக்கும் கருவியைக் கவனிக்க, கணினிக்கு முன்னால் உதவியாளன் தேஜஸ் உட்கார்ந்தான்.

சாப்பாடு ராஜ்மா, முட்டைக்கோஸ், காலையில் காரமான பயறுக் குழம்பான மிசள். இருவர் கட்டிலிலும் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. வாயு பிரியும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும்.

முதல் நாள் யாரும் அழுத்தவில்லை.

சாயங்காலம் ஸ்பீக்கரில் தேஜஸ் தொண்டையைச் செருமினான். "மேடம், சார், கருவி பதினொரு தடவை காட்டுது. பொத்தான் ஒரு தடவைகூட இல்ல," என்றான் இந்தியில். ஸ்ரீவத்சன் கையிலிருந்த புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். ஷீலா போர்வையை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த போர்வை அது.

மூன்றாம் நாள் மதியம் ஒரு வாடை வந்தது. அழுகிய முட்டை வாடை. முந்தையவை வந்த வழியே போயின. இது போகவில்லை.

ஷீலா கணக்குப் போட்டாள். பெட்டிக்குள் இருப்பது இரண்டு பேர். நானில்லை. ஆகவே அவர். ரசம் சாதம் சாப்பிட்டே வளர்ந்த மனிதரை மூன்று நாள் ராஜ்மாவில் போட்டால் வேறென்ன ஆகும் என்று அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சின்ன மேசை விசிறியை, அவர் பக்கத்துக் காற்று தன்மேல் வராதபடி திருப்பிவைத்தாள். கண் எரிந்தது. அதையும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவத்சன் ஒரு டம்ளரோடு வந்து நின்றார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஓமத் தண்ணி. வயித்துக்கு நல்லது."

"எதுக்கு சார் எனக்கு?"

"இல்ல, சும்மாத்தான்."

"சும்மா யாராச்சும் ஓமத் தண்ணி குடுப்பாங்களா?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷீலாவுக்குக் காது சூடானது.

"அரே சார், இது நான்னு நெனச்சீங்களா? நான் மதியத்துலேருந்து உங்களுக்காக வாயை மூடிட்டு உக்காந்திருக்கேன்!"

"எனக்காகவா? நான் இல்லையே!"

"பக்காவா?"

"என் பொண்ணு மேல சத்தியம் மேடம்."

பொய் சொல்கிற முகம் அதுவல்ல. மகள் பெயரில் சத்தியம் செய்கிற அளவுக்கு இந்த விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் மனிதர் பொய் சொல்லமாட்டார். அப்படியென்றால் அவருமில்லை. ஷீலா மெதுவாக எழுந்தாள். எழுந்ததும் தலை சுற்றியது.

"இப்ப வாடை கொஞ்சம் கொறைஞ்சாப்பல இருக்கில்ல?" என்றார் அவர், சமாதானமாக.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்த வாயு அதிகமானால் முதலில் சாவது மூக்கு. வாடை போய்விட்டது போலத் தோன்றும். வாயு அங்கேயேதான் இருக்கும்.

"தேஜஸ்!" என்று கத்தினாள். "ஹைட்ரஜன் சல்பைடு எவ்வளவு?"

"ஏறிட்டே இருக்கு மேடம். ரெண்டு மணிலேருந்து."

"ஏன் சொல்லலை?"

"எப்படி மேடம் கேக்கறது, உங்ககிட்ட?"

"கதவைத் திற!"

வெளியே வந்து இருவரும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து இருமினார்கள். ஸ்ரீவத்சன் வாந்தி எடுத்தார். பெட்டி நன்றாகக் காற்றாடிய பிறகு, முகமூடி போட்ட ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். ஷீலாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரி தொட முடியாத சூட்டில் உப்பிக் கிடந்தது. சார்ஜ் ஏற்றும் கருவி பழுதாகி, நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே கொதித்த அமிலத்திலிருந்து வந்ததுதான் அந்த வாடை.

மருத்துவர் இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்து, இன்னும் ஒரு மணி நேரம் உள்ளே இருந்திருந்தால் தன்னிடம் வந்திருக்கத் தேவையிருக்காது என்றார். இவ்வளவு தாமதம் ஏன் என்று இயக்குநர் மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். மரியாதை.

அடுத்த மாதம் பேட்டரியைப் பெட்டிக்கு வெளியே வைத்து மறுபடி சோதனை தொடங்கியது. வேறு ஆட்களைத் தேடிப் பார்த்தார்கள், ஒருவரும் சிக்கவில்லை. ஷீலாவும் ஸ்ரீவத்சனுமே போனார்கள்.

கதவு மூடி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஸ்ரீவத்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"மேடம், நான்தான்."

"சரி சார்," என்றாள் ஷீலா. "இதுக்கு முன்னாடி வந்தது நான்."