ஹேண்ட் பிரேக் உறைந்த காலை

கண்ணுகளா, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். பேச்சை மறந்துபோன தன் புருஷனுக்கு ஹெர்டிஸ் சூரியனைக் காட்டக் கூட்டிப்போன கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வட நார்வேயில் நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன், ஜனவரி கடைசியில்தான் தலை நீட்டும். அந்த இருட்டில் சிலருக்கு மனசும் சேர்ந்து அணைந்துவிடும். ஹெர்டிஸின் புருஷன் ஒட்வாருக்கு இந்த வருஷம் அப்படித்தான் ஆயிற்று. ஊரையே கேலி பண்ணுகிற மனிதர், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். 'உம்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. முதல் வெயில் முகத்தில் பட்டால் பழைய ஆளாகிவிடுவார் என்று ஹெர்டிஸ் உறுதியாக நம்பினாள். கடலுக்கு அக்கரை முனையில்தான் அது முதலில் விழும். படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் வண்டியில் அவரைப் படுக்க வைத்து, வண்டியோடு படகேறி, சூரியன் வருவதற்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்தாள்.

விடிந்தும் விடியாத நீலம். பனியும் நீலம், வானமும் நீலம். கடலிலிருந்து ஆவி எழுந்து சன்னலோரம் நின்றது. உள்ளே ஹீட்டர் தூங்குகிற பூனைபோல உறுமியது. வண்டி தரையில் நிற்கிறதா, எங்கேயாவது மிதக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

நின்ற இடம் மலை நிழல். வளைவைத் தாண்டினால்தான் சூரியன் தெரியும், அதுவும் நண்பகலில் கொஞ்ச நேரம். வண்டியைக் கிளப்பினாள். எஞ்சின் உறுமியது, பின்சக்கரம் அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. படகில் ஹேண்ட் பிரேக் போட்டே ஆகவேண்டும். கரையில், உறைபனியில் அதைப் போடவே கூடாது; ஆனால் அங்கே நிறுத்தும்போதும் அதே கை, அதே பழக்கத்தில் இழுத்துவிட்டிருந்தது. ஈரமான பிரேக் குளிரில் உறைந்து ஒட்டிக்கொண்டது. சக்கரத்தில் ஊற்றக் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"ஹெர்டிஸ்," என்றது படுக்கை. "ஹேண்ட் பிரேக்கா போட்ட?"

"ஆமா."

"எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்த மகராசி நீதானே?"

கெட்டிலோடு அவர் பக்கம் திரும்பினாள். "சிரிக்காத கிழவா! கையில கொதிக்கிற தண்ணி இருக்கு."

"அத சக்கரத்துல ஊத்தினா இன்னும் கெட்டியா உறையும். அப்புறம் வசந்தம் வரைக்கும் இங்கதான் குடித்தனம். காப்பி போடு. பின்னாடி சறுக்கு நாற்காலி கட்டியிருக்கில்ல?"

இருந்தது. ஒருவர் உட்கார, இன்னொருவர் பின்னால் நின்று காலால் உந்திப்போகிற நாற்காலி.

"நீ உட்காரு, நான் தள்றேன்," என்றாள்.

"பிரேக் போடற கைய நம்பி நான் உட்காருவேனா? நீ ஏறு."

சூரியன் திரும்பி வரும் நாளுக்கென்றே எங்கள் ஊரில் சுடுகிற, ஜாம் வைத்த சூரிய பன்களை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அவர் உந்தினார். பனி கிறீச்சிட்டது, பிறகு அந்தச் சத்தமும் அடங்கி, நீலத்துக்குள் இருவரும் சும்மா மிதந்து போனார்கள். பின்னால் அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

வளைவைத் தாண்டியதும் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பொன் விளிம்பு எழுந்தது.

"சூரியன் அங்க இருக்கு. திரும்பி என் மூஞ்சியில என்ன பாக்கற?" என்றார் ஒட்வார்.

"அதத்தான் பாக்கறேன்," என்றாள் ஹெர்டிஸ்.

பன்னைக் கடித்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. ஒட்வார் மீசையில் ஜாமோடு சொன்னார்: "நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா நிக்கும். பிரேக்கும் விடாது. இருந்து பாத்துட்டே போவோம்."

உங்கள் வீட்டிலும் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. ஒருவரை ஒருவர் கேலி பேசும் குரல் ஒருநாளும் ஓயாமல் இருக்கட்டும்.